கருங்கடலின் ஆளில்லாப் படகுகள்

உக்ரைனின் மகுரா வி5 படகில் ஆள் உட்கார இடம் கிடையாது. நீளம் ஐந்தரை மீட்டர். நீருக்கு மேலே தெரிவது அரை மீட்டர்தான். ரேடார் திரையில் அலைகளே ஏராளமான எதிரொலிகளை உண்டாக்கும். அவற்றுக்கிடையே இவ்வளவு தாழ்வான படகைப் பிரித்தறிவது கடினம். உள்ளே சுமார் 300 கிலோ வெடிமருந்து. கேமரா காட்டுவதைச் செயற்கைக்கோள் இணைப்பில் பார்த்தபடி, எங்கோ தொலைவில் கரையில் இருப்பவர் ஓட்டுகிறார். உச்ச வேகம் மணிக்கு 75 கிலோமீட்டருக்கும் மேல்.

2024 ஜனவரி 31 இரவு, கிரைமியாவின் டோனுஸ்லாவ் ஏரியில் ரஷ்ய ஏவுகணைக் கப்பல் இவானோவெட்ஸை இத்தகைய படகுகள் கூட்டமாகத் தாக்கின. கப்பலிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பயனில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. கடைசியில் வந்தது, பக்கவாட்டில் ஏற்கெனவே விழுந்திருந்த ஓட்டையைக் குறிவைத்துப் பாய்ந்தது. கப்பல் மூழ்கியது. தொலைவில் வரும் பெரிய கப்பல்களை ஏவுகணையால் அழிக்கக் கட்டப்பட்டது அது. காலடியில் வந்து மோதும் சிறு படகுகளை எதிர்கொள்வது வேறு வேலை.

சிறு படகு பெருங்கப்பலை வீழ்த்துவது புதிதல்ல. இதே கருங்கடலில் 1878இல் ரஷ்யத் தளபதி ஸ்தெபான் மகாரவ், சிறு படகுகளிலிருந்து டார்பிடோ ஏவி துருக்கியக் கப்பலொன்றை மூழ்கடித்தார். இத்தகைய தாக்குதல்கள் தந்த அச்சத்தில், டார்பிடோ படகுகளை வேட்டையாடவென்றே பிறந்த கப்பல்தான் இன்றைய 'டெஸ்ட்ராயரின்' மூதாதை.

ஆனால், பெருங்கப்பல்களின் காலம் முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். கருங்கடல் சிறியது, மூடியது. மகுரா ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும். அங்கே அது தாராளம், பெருங்கடலில் போதாது. ரஷ்ய-உக்ரைன் போர் தொடங்கியதும் துருக்கி தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடிவிட்டதால், இழந்தவற்றுக்கு மாற்றாக ரஷ்யா வேறு கடலிலிருந்து கப்பல் கொண்டுவர முடியவில்லை. எல்லாமே படகுகளின் வேலையும் அல்ல. 2022 ஏப்ரலில் ரஷ்யக் கருங்கடல் படையின் கொடிக்கப்பல் மாஸ்க்வாவை வீழ்த்தியது கரையிலிருந்து பாய்ந்த நெப்டியூன் ஏவுகணை. படகுகளும் ஏவுகணைகளும் சேர்ந்தே அந்தப் படையின் பெரும்பகுதியை செவஸ்தபோலிலிருந்து நோவோரோசிஸ்க்குக்கு விரட்டின. சொல்லிக்கொள்ளும்படியான போர்க்கப்பல் எதுவும் கையில் இல்லாத நாடு இதைச் சாதித்தது. ஒடேசாவிலிருந்து தானியக் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன. இந்தப் போரின் கடல் பகுதியில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. துறைமுக வாயில்களில் தடுப்பு மிதவைகளைக் கட்டியது. ஹெலிகாப்டர்களை ரோந்துக்கு அனுப்பியது. உடனே உக்ரைன் படகுகளில் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் ஏறின. 2024 டிசம்பர் 31 அன்று ஒரு ஹெலிகாப்டரை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. 2025 ஆகஸ்டில் தன்யூப் முகத்துவாரத்தில் உக்ரைனின் உளவுக் கப்பல் சிம்ஃபெரோபோல் தாக்கப்பட்டது. உயிரிழப்பு நேர்ந்த அந்தத் தாக்குதலைத் தன் ஆளில்லாப் படகே நடத்தியதாக ரஷ்யா சொன்னது.