பழைய புரொஜெக்டருக்கு இருட்டைக் கொடுங்கள்

எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைத் திரையில் வீச முடியாது. அதற்குத் தெரிந்தது ஒளியைப் பாய்ச்சுவது மட்டும்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து அனுப்பினால் வெள்ளை. மூன்றையும் நிறுத்திக்கொண்டால் கறுப்பு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நேரத்தில் திரை எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதுவே நமக்குக் கிடைக்கும் கறுப்பு. ட்யூப்லைட் எரியும் கூடத்தில் படம் போட்டால் வில்லனின் கறுப்புக் கோட்டு சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான்.

பத்து வருடங்களுக்கு முன் ஆசையாக வாங்கி, இப்போது பரணில் கிடக்கும் புரொஜெக்டரை இறக்கிப் போட்டுப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, “வெளிச்சமே இல்லை, படம் வெளுத்துப்போய் இருக்கு.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. வெளிச்சம் குறைந்திருப்பது கருவியின் நோய். படம் வெளுத்திருப்பது பெரும்பாலும் அறையின் நோய். இரண்டாவதைக் குணமாக்கச் செலவு குறைவு, பலன் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரொஜெக்டர் உமிழும் மொத்த ஒளியை லூமெனில் அளக்கிறோம். அது ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். நம் கருவி புதிதில் 2,000 லூமென் என்று பெட்டியில் போட்டிருந்தது. லாம்ப் தேய்ந்து, சினிமா மோடில் வைத்த பிறகு 500 லூமென்தான் தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். திரையில் சுமார் 180 லக்ஸ் விழும். சாதாரண வெள்ளைத் திரையில் அது சதுர மீட்டருக்கு 57 கேண்டெலா பிரகாசமாகத் திரும்பி வரும். டிஜிட்டல் சினிமா அரங்குகளுக்கு வகுக்கப்பட்ட அளவே 48 கேண்டெலாதான். முக்கால்வாசி ஒளியை இழந்த பெட்டியும், முழு இருட்டில், தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் தருகிறது.

இனி கறுப்பைப் பார்ப்போம். இந்தப் பெட்டியின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று என்று கொள்வோம். அப்படியானால் கறுப்புக் காட்சியிலும் 0.18 லக்ஸ் கசியும். பக்கத்து அறை விளக்கிலிருந்து 5 லக்ஸ் திரைமேல் விழுந்தால், கறுப்பு 5.18 லக்ஸாகிவிடும், வெள்ளை 185. ஆயிரத்துக்கு ஒன்று 36-க்கு ஒன்றாகச் சரிந்துவிட்டது. பணம் போட்டுப் புது லாம்ப் மாற்றி ஒளியை இரு மடங்காக்கினாலும் விகிதம் 68-ஐத் தாண்டாது. அதே பழைய லாம்போடு, கதவைச் சாத்தி, கனமான திரைச்சீலை போட்டு, கசிவை அரை லக்ஸுக்குக் குறைத்தால் 265-க்கு ஏறிவிடுகிறது.

அதோடு, வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் கண் அதைப் பாதியாக உணர்வதில்லை. பிரகாசம் இருந்ததில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகத்தான் நமக்குத் தோன்றும். இருட்டில் சற்று நேரம் உட்கார்ந்தால் கண்ணும் பழகிவிடும்.

விளக்கை அணைத்தால் போதுமா? போதாது. படத்தில் வானம் வரும்போது திரையே ஒரு பெரிய விளக்கு. அந்த ஒளி வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டு மறுபடி திரைக்கே வந்து, இருண்ட பகுதிகளை வெளுக்க வைக்கும். சுவருக்கு அடர்ந்த பச்சை அடித்திருந்தால் படத்திலும் பச்சை ஏறும். திரையை ஒட்டி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கூரையிலும் பக்கங்களிலும் கறுப்புத் துணி கட்டினால் இந்தத் திரும்பு ஒளி வெகுவாகக் குறையும். பளபளப்பில்லாத வெல்வெட் இருந்தால் உத்தமம்.

லாம்புக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான பழைய வீட்டுப் புரொஜெக்டர்களில் இருப்பது உயர் அழுத்தப் பாதரச லாம்ப். யூஎச்பி என்ற பெயரில் 1995-ல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. எரியும்போது உள்ளே பாதரச ஆவியின் அழுத்தம் 200 வளிமண்டல அழுத்தத்தை எட்டும். முனையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் குமிழின் சுவரில் படிந்து கறுக்காமலிருக்கத் துளியளவு புரோமின் சேர்த்திருப்பார்கள். அது டங்ஸ்டனைப் பிடித்து மறுபடி முனைகளுக்கே கொண்டு சேர்க்கும். ஆனாலும் நாளாக ஆக முனைகள் தேய்ந்து, குவார்ட்ஸ் மங்கிவிடும். லாம்பின் ஆயுள் இத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பது வழக்கமாக வெளிச்சம் பாதியாகும் காலத்தைக் குறிக்கிறது.

அடிக்கடி போட்டு அணைத்தால் முனைகள் சீக்கிரம் தேயும். பத்து நிமிட இடைவேளைக்கு அணைக்க வேண்டாம். படம் முடிந்ததும் மின்விசிறி ஓய்வதற்குள் பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் புரொஜெக்டருக்கென்று ஒரு சிறு யூபிஎஸ் வைப்பது லாம்புக்குச் செய்யும் உபகாரம். புது லாம்பை மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சூட்டில் குவார்ட்ஸ் பழுதாகும்.

பாதரசத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 546 நானோமீட்டரில் பச்சையை வாரி வழங்கும், சிவப்பில் கஞ்சம். ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ மோடில் வெளிச்சத்துக்காக அந்தப் பச்சையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முகங்களெல்லாம் நோயாளி போலத் தெரிவது அதனால்தான். ‘சினிமா’ மோடு உபரிப் பச்சையை வெட்டி, வெள்ளையை 6,500 கெல்வின் என்ற தரத்துக்கு அருகே கொண்டுவருகிறது. அதில் வெளிச்சம் குறைவதும் இந்த வெட்டினால்தான். அறை இருட்டாக இருந்தால் இந்த இழப்பைத் தாங்கலாம்.

தூசி எங்கே இருக்கிறது?

லென்ஸின் முன்பக்கம் விழுந்த தூசி திரையில் பொட்டாகத் தெரியாது. அது ஃபோகஸாகும் தளத்தில் இல்லை. ஆனால் ஒளியைச் சிதறடித்துக் கறுப்பை வெளுக்கும். காற்றூதியால் ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். சட்டை நுனி வேண்டாம்.

எல்சிடி வகைக் கருவிகளில் உள்ளே மூன்று சிறு பேனல்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின்மேல் தூசி உட்கார்ந்தால், இருண்ட காட்சியில் மங்கலான வண்ணப் பொட்டு ஒன்று மிதக்கும். படம் நகர்ந்தாலும் அது நகராது. ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: படம் கலங்கக் கலங்க அந்தப் பொட்டு கூர்மையாகி, ஒரு நூல் பிசிறோ மணல் துகளோ பெரிதாகத் தெரியும். தூசி பேனலுக்குச் சற்றுத் தள்ளி இருப்பதற்கான அடையாளம் அது. பொட்டு நீலமாக இருந்தால் நீலப் பேனல் பக்கம். இதைச் சுத்தம் செய்ய அனுபவமுள்ள மெக்கானிக் வேண்டும். நாம் செய்யக்கூடியது, காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்வது. அது அடைத்துக்கொண்டால் தூசியைவிடப் பெரிய ஆபத்து சூடு.

டிஎல்பி வகையில் பேனலுக்குப் பதில் கண்ணாடிகள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சில்லு இது. 2015-ல் அவருக்கு ஆஸ்கர் சிலையையே வாங்கித் தந்தது. முடியைவிட மெல்லிய லட்சக்கணக்கான கண்ணாடிகள் ஒவ்வொன்றும் சில பாகை சாய்ந்து, ஒளியை லென்ஸுக்கோ வெளியேயோ அனுப்புகின்றன. வெளியே அனுப்பிய ஒளியிலும் கொஞ்சம் சிதறி லென்ஸுக்குள் நுழைந்துவிடும். முன்பு சொன்ன 0.18 லக்ஸ் கசிவு இப்படி வருவதுதான்.

பிக்சலை வீணாக்காதீர்கள்

பழைய கருவிகள் பலவற்றில் இருப்பது 1280 × 720 பிக்சல்தான். 100 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் 1.7 மில்லிமீட்டர். இப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலையில், கீஸ்டோன் திருத்தம் ஓர் ஊதாரி. கருவியைக் கோணலாக வைத்துவிட்டு, பட்டனை அழுத்திப் படத்தைச் செவ்வகமாக்கினால், ஓரத்துப் பிக்சல்கள் அணைக்கப்பட்டு, மீதியில் படம் நசுக்கித் திணிக்கப்படுகிறது. சப்டைட்டில் எழுத்துகளின் விளிம்பு பிசிறடிக்கும். அணைந்த பிக்சல்களும் முழுக் கறுப்பு ஆகாமல் திரைக்கு வெளியே சாம்பல் பட்டையாகத் தெரியும். மேசையின் உயரத்தைச் சரிசெய்து கருவியைத் திரைக்கு நேராக, மட்டமாக வைத்துக் கீஸ்டோனைச் சுழியத்தில் விடுங்கள். லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது பிக்சலைத் தொடாது.

120 அங்குலத்திலிருந்து 100-க்கு இறங்கினால் அதே ஒளி சின்னப் பரப்பில் குவிந்து, வெளிச்சம் 44 சதவீதம் கூடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக செட்டிங்ஸ். ‘பிரைட்னஸ்’ என்று எழுதியிருப்பது உண்மையில் கறுப்பைத் தீர்மானிக்கும் திருகு. கருந்தலைமுடி தெரியும் காட்சியில் படத்தை நிறுத்தி, முடியிழைகள் மறையாத அளவுக்கு அதைக் குறையுங்கள். ‘கான்ட்ராஸ்ட்’ வெள்ளையின் உச்சிக்கானது: வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரிகிற வரைக்கும் கூட்டலாம், மடிப்பு மறைந்தால் ஒரு படி இறங்குங்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் ஒரு பக்கம் 16-லிருந்து 235 வரையும் மறுபக்கம் 0-விலிருந்து 255 வரையும் எண்ணிக்கொண்டிருந்தால் கறுப்பு வெளுக்கும், அல்லது நிழல் விவரங்கள் விழுங்கப்படும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஸ்ட்ரீமிங் பெட்டியில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். பழைய கருவிக்கு அந்த மொழி தெரியாது. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டது. கருவி ஏற்றுக்கொண்டால் பெட்டியையும் 24-க்கு மாற்றினால் கேமரா நகரும்போது வரும் தட்டுத்தடுமாற்றம் போகும்.

இத்தனையும் செய்த பிறகும் போகாத நோய்கள் இரண்டு. டிஎல்பி கருவியில் நட்சத்திரங்கள்போல் வெள்ளைப் புள்ளிகள் பெருகினால், கண்ணாடிகள் அசையாமல் நின்றுவிட்டன என்று பொருள். எல்சிடி கருவியில் நீலமோ மஞ்சளோ திட்டாகப் பரவினால், பல வருடச் சூட்டில் உள்ளிருக்கும் முனைவாக்கித் தகடு கருகியிருக்கும். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. பழுதுபார்க்கும் செலவில் வேறு கருவியே வாங்கிவிடலாம். இவை இல்லாதவரை, முதலில் துணிக்கடைக்குப் போங்கள். லாம்ப் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.