சூயஸ் கால்வாய்: சாவி யார் கையில்?

2023-ல் கால்வாய்க் கட்டணமாக எகிப்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 400 கோடியாகச் சரிந்தது. இத்தனைக்கும் சூயஸில் சண்டை எதுவும் நடக்கவில்லை. காஸா மீதான போரைக் காரணம் காட்டி, செங்கடலின் மறுமுனையான பாபுல் மந்தப் பகுதியில் யமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கினார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. நம் திருப்பூர் பின்னலாடைகள் ஐரோப்பா போய்ச்சேரவும் கூடுதல் நாட்கள், கூடுதல் செலவு.

இந்தக் கால்வாய் எகிப்தின் மண்ணில், பெருமளவு எகிப்திய ஏழைகளின் கட்டாய உழைப்பில் வெட்டப்பட்டது. ஆனால் 1869-ல் திறக்கப்பட்டபோது நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் லெஸப்ஸ் அமைத்த நிறுவனத்திடம் இருந்தது. எகிப்திடம் இருந்த பங்குகளையும் கடனில் மூழ்கிய ஆட்சியாளர் இஸ்மாயீல் 1875-ல் சுமார் 40 லட்சம் பவுனுக்கு பிரிட்டனிடம் விற்றுவிட்டார். ஏழே ஆண்டுகளில் பிரிட்டிஷ் படை எகிப்தைப் பிடித்தது.

போரானாலும் சமாதானமானாலும் எந்த நாட்டுக் கப்பலுக்கும் கால்வாய் திறந்திருக்கும் என்கிறது 1888-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்தான உடன்படிக்கை. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டன் எதிரிகளின் கப்பல்களைத் தடுத்தது. 1948-க்குப் பின் எகிப்து இஸ்ரேலின் கப்பல்களைத் தடுத்தது. கரையைக் காவல் காத்தவர்கள் சொன்னதே உடன்படிக்கையின் விளக்கம்.

1915 பிப்ரவரியில் சினாய் பாலைவனத்தைக் கடந்து வந்த உஸ்மானியப் படை, படகுகளில் கால்வாயைத் தாண்ட முயன்று தோற்றது. எதிர்க்கரையில் பிரிட்டனுக்காக நின்றவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். கலீஃபாவின் படைமீது அவர்கள் துப்பாக்கி நீட்ட வேண்டியிருந்தது. நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இது.

1956 ஜூலை 26 அன்று அப்துல் நாஸர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். மூன்று மாதத்தில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்ஸும் படையெடுத்தன. எகிப்து பழைய கப்பல்களைக் கால்வாயிலேயே மூழ்கடித்தது, பாதை அடைபட்டது. எந்தப் பாதைக்காகப் படை வந்ததோ அந்தப் பாதையே இல்லை! பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 193 கிலோமீட்டர் நீளமிருந்தாலும் அகலம் குறைந்த வழி. அதை அடைக்கப் பெரிய கடற்படை தேவையில்லை. 2021-ல் 400 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கி, ஆறு நாட்கள் எல்லாமே நின்றுபோனதை நாமும் பார்த்தோமே.

அமெரிக்கா, சோவியத் நாடு இரண்டின் நெருக்கடியால் படைகள் விலகின. கால்வாய் எகிப்திடமே நின்றது. ஆனால் 1967 போரில் கிழக்குக் கரை இஸ்ரேல் வசமானது. கால்வாயே போர்முனையாகி எட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்தது. உரிமை எகிப்துடையது, வருமானம் சல்லிக்காசு இல்லை. கரையோர நகர மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 1973 அக்டோபர் 6, ரமளான் பிறை 10 அன்று, எகிப்தியப் படை கால்வாயைக் கடந்து, எதிர்க்கரை மணல் அரணைத் தண்ணீர் பீய்ச்சியே கரைத்தது. அதன் பிறகும் கண்ணிவெடிகளையும் மூழ்கிய கப்பல்களையும் அகற்றித் திறக்க 1975 ஜூன் 5 ஆகிவிட்டது.

அந்த எட்டு ஆண்டுகளும் கால்வாயின் நடுவிலுள்ள பெரிய கசப்பு ஏரியில் 14 சரக்குக் கப்பல்கள் சிக்கிக் கிடந்தன. பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப்போன அவற்றில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டுமே சொந்த இயந்திரத்தில் ஊர் திரும்பின.