வளி மாசடைதலும் உடற்பயிற்சியும் உயர் குருதியமுக்கமும்



குருதிச் சுற்றோட்டத்தையும் வளி மாசடைதலையும் விஞ்ஞான பாடத்தில் கற்கிறீர்கள். உடற்பயிற்சியையும் தொற்றாநோய்களையும் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் கற்கிறீர்கள். இவை புத்தகத்தில் வெவ்வேறு அலகுகளாக இருந்தாலும் உங்கள் உடலில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. உடற்பயிற்சி குருதியமுக்கத்தைக் குறைக்கும். மாசடைந்த வளி அதனைக் கூட்டும். அப்படியாயின், வாகனப் புகை நிறைந்த வீதியோரத்தில் ஓடும் ஒருவருக்குக் கிடைப்பது நன்மையா, தீமையா? இவ்வினாவுக்குச் சரியான விடை எழுத வேண்டுமாயின் ஒவ்வொரு பகுதியையும் படிப்படியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

1. குருதியமுக்கம் என்றால் என்ன?

இதயத்திலிருந்து வெளியேறும் குருதி நாடிகளின் சுவர் மீது ஏற்படுத்தும் அமுக்கமே குருதியமுக்கமாகும். இதயவறைகள் சுருங்கும்போது அது உயர்வாகவும், தளரும்போது தாழ்வாகவும் இருக்கும். எனவேதான் அது இரு எண்களால் குறிக்கப்படுகிறது. ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவரில் அது ஏறத்தாழ 120/80 மில்லிமீற்றர் இரசம் ஆகும். ஓய்வு நிலையில் வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் வளர்ந்தவர் ஒருவரில் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்படுமாயின் அது உயர் குருதியமுக்கம் எனப்படும். வீடுகளில் “பிறசர்” என்று சொல்லப்படுவது இதனையே.

குருதியமுக்கத்தை இரு காரணிகள் தீர்மானிக்கின்றன.

(அ) இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவு. ஓய்வில் இது ஏறத்தாழ 5 லீற்றர்.
(ஆ) குருதியின் ஓட்டத்துக்குச் சிறு நாடிகள் காட்டும் தடை. நாடிகள் ஒடுங்கினால் தடை கூடும். விரிந்தால் தடை குறையும்.

இவ்விரண்டையும் நினைவில் வைத்திருங்கள். இனி வரும் விளக்கங்கள் யாவும் இவற்றை அடிப்படையாகக் கொண்டவை.

உயர் குருதியமுக்கம் உடைய பலருக்கு எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. அறியாமல் விடப்பட்டால் அது மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். உலகில் 30 முதல் 79 வயது வரையான ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

2. மாசடைந்த வளி எவ்வாறு குருதியமுக்கத்தைக் கூட்டுகிறது?

டீசல் புகை, விறகுப் புகை, குப்பை எரிக்கும் புகை ஆகியவற்றில் காபனோரொட்சைட்டு, நைதரசனின் ஒட்சைட்டுகள் முதலிய வாயுக்களுடன் நுண் துணிக்கைகளும் உண்டு. இவற்றுள் 2.5 மைக்கிரோமீற்றர் அல்லது அதனிலும் குறைந்த விட்டமுடைய துணிக்கைகள் பீ.எம். 2.5 எனப்படும். ஒரு தலைமயிரின் தடிப்பில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும்.

பெரிய தூசுத் துணிக்கைகள் மூக்கிலுள்ள மயிர்களாலும் சீதத்தாலும் தடுக்கப்படுகின்றன. நுண் துணிக்கைகளோ வாதனாளியைக் கடந்து நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்கின்றன. அங்கு அவை மூன்று வழிகளில் தீங்கு விளைவிக்கின்றன.

(அ) சிற்றறைகளில் அழற்சி ஏற்படுகிறது. அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்கள் குருதியில் கலந்து உடல் முழுவதும் செல்கின்றன.
(ஆ) சுவாசப் பாதையிலுள்ள நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் பரிவு நரம்புத் தொகுதியின் தொழிற்பாடு கூடுகிறது. இதனால் நாடிகள் ஒடுங்குகின்றன.
(இ) மிக நுண்ணிய துணிக்கைகள் குருதியினுள்ளும் புகுகின்றன. நாடிகளின் உட்சுவர்க் கலங்கள் நைத்திரிக்கு ஒட்சைட்டைச் சுரந்து நாடிகளை விரியச் செய்கின்றன. இத்தொழிற்பாடு பாதிக்கப்படும்போது நாடிகள் விறைப்படைகின்றன.

மூன்று வழிகளின் முடிவும் ஒன்றே. நாடிகளின் தடை கூடுகிறது, குருதியமுக்கம் உயர்கிறது.

3. உடற்பயிற்சி எவ்வாறு குருதியமுக்கத்தைக் குறைக்கிறது?

இங்கு மாணவர்கள் பலர் தவறு விடுவதுண்டு. உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது குருதியமுக்கம் கூடும். இதயம் விரைவாகத் துடித்துக் கூடுதலான குருதியை வெளியேற்றுவதே அதற்குக் காரணம். குறைவது ஓய்வு நிலைக் குருதியமுக்கமே. அது நிலையாகக் குறைய வேண்டுமாயின் வாரக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்ய வேண்டும்.

ஒழுங்கான பயிற்சியினால் நாடிகளின் உட்சுவர் கூடுதலான நைத்திரிக்கு ஒட்சைட்டைச் சுரக்கப் பழகுகிறது. பரிவு நரம்புத் தொகுதியின் தூண்டல் தணிகிறது. மேலதிக உடற்கொழுப்பும் குறைகிறது. உயர் குருதியமுக்கம் உடையவர்களில் ஒழுங்கான காற்றுவாழ் பயிற்சியினால் மேல் எண் சராசரியாக 5 முதல் 8 மில்லிமீற்றர் இரசம் வரை குறைவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. மாசடைந்த வளி எந்த நாடிகளை விறைப்படையச் செய்கிறதோ, அதே நாடிகளையே உடற்பயிற்சி நெகிழ்வாக வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

4. கணித்துப் பார்ப்போம்

ஓய்வில் ஒருவர் ஒரு சுவாசத்தில் 500 மில்லிலீற்றர் வளியை உள்ளெடுத்து நிமிடத்துக்கு 15 தடவை சுவாசிக்கிறார் எனக் கொள்வோம். ஓடும்போது ஒரு சுவாசத்தில் 2 லீற்றர் வீதம் நிமிடத்துக்கு 30 தடவை சுவாசிக்கிறார் எனக் கொள்வோம்.

ஓய்வில்: 0.5 × 15 = 7.5 லீற்றர்/நிமிடம். 30 நிமிடத்தில் 225 லீற்றர், அதாவது 0.225 கனமீற்றர்.
ஓடும்போது: 2 × 30 = 60 லீற்றர்/நிமிடம். 30 நிமிடத்தில் 1800 லீற்றர், அதாவது 1.8 கனமீற்றர்.

வீதியோர வளியின் ஒரு கனமீற்றரில் 50 மைக்கிரோகிராம் நுண் துணிக்கைகளும், வீதியிலிருந்து தள்ளியுள்ள மைதான வளியில் 10 மைக்கிரோகிராமும் உள்ளன எனக் கொண்டால் 30 நிமிடத்தில் உள்ளெடுக்கப்படும் அளவுகள்:

வீதியோரத்தில் இருத்தல்: 0.225 × 50 = 11.25 மைக்கிரோகிராம்
வீதியோரத்தில் ஓடுதல்: 1.8 × 50 = 90 மைக்கிரோகிராம்
மைதானத்தில் ஓடுதல்: 1.8 × 10 = 18 மைக்கிரோகிராம்

இவற்றில் ஒரு பகுதி வெளிச்சுவாசத்துடன் வெளியேறிவிடும். ஆயினும் ஒப்பீடு தெளிவானது. ஓடும் இடத்தை மாற்றிய மாத்திரத்தில் உட்செல்லும் மாசு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பயிற்சி சிறிதும் குறையவில்லை.

5. ஆய்வுகள் கூறுவது என்ன?

லண்டன் ஆய்வு: 60 வயதைக் கடந்த 119 பேர் இதில் பங்குபற்றினர். இவர்களுள் ஆரோக்கியமானவர்களும், இதய நோயாளரும், நீண்டகால நுரையீரல் நோயாளரும் இருந்தனர். ஒவ்வொருவரும் டீசல் பஸ்களும் டாக்சிகளும் நிறைந்த ஒக்ஸ்போர்ட் வீதியில் ஒரு நாளும், ஹைட் பார்க் பூங்காவில் வேறொரு நாளும் 2 மணித்தியாலம் நடந்தனர். பூங்காவில் நடந்தபின் நுரையீரல் தொழிற்பாடு மேம்பட்டது. நாடிகளின் விறைப்பும் குறைந்தது. வீதியில் நடந்தபோது இந்நன்மைகள் பெருமளவு இல்லாமற் போயின. நடந்தவர் அதே நபர், நடந்த நேரமும் அதே நேரம் என்பதால் வேறுபட்ட பிரதான காரணி வளியின் தரமே எனக் கொள்ளலாம்.

தாய்வான் ஆய்வு: உயர் குருதியமுக்கம் இல்லாத 140,072 வளர்ந்தவர்கள் 2001 முதல் 2016 வரையான காலப்பகுதியில் அவதானிக்கப்பட்டனர். முடிவுகள் 2020இல் வெளியாகின. கூடுதலாகப் பயிற்சி செய்து குறைந்த மாசுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. பயிற்சியின்றி மாசு கூடிய இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது மிகக் கூடுதலாக இருந்தது. மாசடைந்த இடங்களில் வாழ்ந்தவர்களுள்ளும் பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களிலும் பார்க்க வாய்ப்புக் குறைவாகவே இருந்தது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. முதலாவது, ஓர் இடத்தில் இரண்டு மணித்தியாலம் நடந்தபின் ஏற்படும் மாற்றத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, பல ஆண்டுப் பழக்கத்தின் விளைவைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெறப்படும் முடிவு இதுவே: வளி மாசடைந்திருக்கிறது என்பதற்காக உடற்பயிற்சியைக் கைவிடக் கூடாது; ஆனால் இடத்தையும் நேரத்தையும் தெரிந்தெடுக்க வேண்டும்.

6. நாம் செய்யக்கூடியவை

பீ.எம். 2.5 இன் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றரில் 5 மைக்கிரோகிராமை விஞ்சக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலாகும். மாசு நாட்டு எல்லைகளையும் கடந்து வரும். 2022 டிசம்பரில் காற்றுடன் வந்த மாசினால் இலங்கையின் பல நகரங்களில் வளியின் தரம் மோசமடைந்தது. டிசம்பர் 9ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன.

• பிரதான வீதியைத் தவிர்த்து, மைதானத்திலோ உள்வீதியிலோ பயிற்சி செய்யுங்கள்.
• வாகன நெரிசல் கூடிய நேரங்களைத் தவிருங்கள்.
• வளியின் தரம் மிக மோசமான நாட்களில் கடும் பயிற்சியை ஒத்திவைத்து உள்ளரங்கில் இலகுவான பயிற்சி செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.
• 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும். பரீட்சை நெருங்குகிறதென்று இதனை முற்றாக நிறுத்திவிடாதீர்கள்.
• விறகடுப்புள்ள சமையலறையில் புகைபோக்கியும் யன்னலும் இருக்க வேண்டும். அப்புகையை நாள்தோறும் சுவாசிப்பவர் பெரும்பாலும் உங்கள் அம்மாவோ அம்மம்மாவோதான்.
• பொலித்தீனையும் குப்பையையும் எரிக்காதீர்கள்.
• நாளொன்றுக்கு உப்பு 5 கிராமிலும் குறைவாக இருக்கட்டும்.
• வீட்டிலுள்ள பெரியவர்களை அருகிலுள்ள வைத்தியசாலையில் குருதியமுக்கத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். மருந்து எடுப்பவர்கள் உடற்பயிற்சி செய்கிறோம் என்று அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. குருதியமுக்கத்தைத் தீர்மானிக்கும் இரு காரணிகளைக் குறிப்பிடுக.
2. “உடற்பயிற்சி குருதியமுக்கத்தைக் கூட்டும்; குறைக்கும்.” இக்கூற்றை விளக்குக.
3. லண்டன் ஆய்வில் சாரா மாறியையும் மாறாது வைக்கப்பட்ட இரு காரணிகளையும் எழுதுக.
4. மைதான வளியில் நுண் துணிக்கைகளின் அளவு 20 மைக்கிரோகிராம்/கனமீற்றர் ஆயின், மேற்கூறியவாறு 30 நிமிடம் ஓடும் ஒருவர் உள்ளெடுக்கும் அளவைக் காண்க.

விடைக் குறிப்புகள்

1. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் குருதியின் அளவு, நாடிகளின் தடை.
2. பயிற்சியின்போது இதயம் வெளியேற்றும் குருதி கூடுவதால் தற்காலிகமாகக் கூடும். ஒழுங்கான பயிற்சியினால் நாடிகளின் தடை குறைவதால் ஓய்வு நிலை அமுக்கம் குறையும்.
3. சாரா மாறி: நடந்த இடம் (வளியின் தரம்). மாறாதவை: நடந்த நபர், நடந்த நேரம்.
4. 1.8 × 20 = 36 மைக்கிரோகிராம். அலகை எழுதத் தவறாதீர்கள்.