சரத்தின் எல்லையும் கல்வெட்டுத் தேடலும்

கோயிற் சுவர்களில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் ஒன்றைக் கண்டிருப்பர். ஒரு கல்லில் இடம் தீர்ந்ததும் வாசகம் அடுத்த கல்லில் தொடரும். சொல் நடுவே முறிந்தாலும் எழுதியவன் கவலை கொள்வதில்லை. கல்லின் அளவுக்காக அரசாணை குறுகுவதில்லை அன்றோ? கணிப்பொறிக்கும் இத்தகைய இக்கட்டு நேர்வதுண்டு.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் வாசகங்கள் 1929-இல் நூலாக அச்சேறின. அவற்றையும் தமிழகத்தின் பிற கல்வெட்டுத் தொகுதிகளையும் ஒரே கோப்பில் சேர்த்து, 'குமிழி' என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ண ஒரு மாணவர் முற்படுகிறார் எனக் கொள்வோம். குமிழி என்பது ஏரி நீரை வெளிவிடும் மதகு. எந்த ஊர் ஏரிக்கு யார் மதகு அமைத்தார் என்பதை அறிய இச்சொல் ஒரு திறவுகோல்.

அவர் கையாளும் நிரல்மொழி ஓகேமல். 1996-இல் பிரான்சு நாட்டு இன்ரியா ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளிவந்த இம்மொழி, கணிதத்தில் நாம் கற்கும் சார்புகளை அடிப்படையாகக் கொண்டது. எழுத்துகளின் தொடரை இங்குச் 'சரம்' என்பர். மாணவரின் பழைய கணிப்பொறி 32 பிட் வகையைச் சேர்ந்தது. கோப்பு முழுவதையும் ஒரே சரமாக ஏற்றச் சொன்னால், கோப்பு பெரிதாயின் நிரல் பிழை கூறி நின்றுவிடும்.

காரணம் எளியது. ஒவ்வொரு சரத்தின் முன்னும் 32 பிட் அளவில் ஒரு தலைப்புக் குறிப்பு உண்டு. அதில் 8 பிட் பொருளின் வகையைக் குறிக்கும். 2 பிட் நினைவகத் துப்புரவுக்கு உரியவை. எஞ்சிய 22 பிட்டே நீளத்துக்கு. நான்கு பைட்டு கொண்ட அலகுகளாகக் கணக்கிட்டு, இறுதிப் பைட்டு ஒன்றைக் கழித்தால் எல்லை 1,67,77,211 பைட்டு. யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டு கொள்ளும். 'கு' என்னும் ஓர் எழுத்துக்கே ககரமும் உகரக் குறியுமாக 6 பைட்டு வேண்டும். ஆங்கிலத்தை விட மும்மடங்கு விரைவில் நாம் சுவரில் முட்டுகிறோம்!

சரங்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் 'பஃபர்' என்னும் கருவி காப்பாற்றும் எனச் சிலர் நம்புவர். அதுவும் உள்ளே ஒரே சரம் போன்ற தொகுப்பைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே அதே எல்லையில் நின்றுவிடும். 64 பிட் கணிப்பொறியில் எல்லை 18 இலக்க எண்ணாக உயர்கிறது. எனினும் நினைவகம் தீர்ந்தால் அதுவும் பயனில்லை.

சிறந்த வழி, கல்லெழுத்தாளன் வழியே. கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டிலும் தேடி, எண்ணிக்கையை அடுத்த அழைப்புக்குக் கையளித்துச் செல்லலாம். சார்புவழி நிரலாக்கத்துக்கு இது இயல்பான நடை.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு துண்டு 'குமி' என்று முடிந்து, அடுத்தது 'ழி' என்று தொடங்கினால் இரண்டிலும் சொல் அகப்படாது. முன்னர் நிரல் பிழை கூறி நின்றது. இப்போதோ வாய் திறவாமல் குறைந்த எண்ணைத் தருகிறது. அதை நம்பி ஓர் ஊரில் மதகே இல்லை என்று எழுதிவிட்டால் வரலாறு பிழையாகும். முன்னதை விட இதுவே கொடிது என்பது என் கருத்து.

தீர்வு இது: 'குமிழி'க்கு ஆறு குறியீடு, அதாவது 18 பைட்டு. ஒவ்வொரு துண்டின் கடைசி 17 பைட்டை எண்ணிக்கையோடு சேர்த்து அடுத்த துண்டின் தலையில் ஒட்டிவிட வேண்டும். 17 பைட்டுக்குள் முழுச் சொல் அடங்காது. ஆகவே ஒன்றை இருமுறை எண்ணும் குற்றமும் நேராது.

முழு வாசகத்தையும் கையில் வைத்துத் திருத்த வேண்டுவோர்க்கு 'ரோப்' என்னும் கயிறு உண்டு. 1995-இல் போம், அட்கின்சன், பிளாஸ் ஆகிய மூவர் இதை ஒரு கட்டுரையில் விளக்கினர். சிறு சரங்களை இலைகளாகக் கொண்ட மரம் அது. இரண்டை இணைக்க எதையும் படியெடுக்காமல் ஒரு புதிய கணுவே போதும். ஓகேமல் சரங்கள் 2017-இல் வந்த 4.06 பதிப்பு முதல் இயல்பாகவே மாற்ற இயலாதவை. எனவே பல மரங்கள் ஓர் இலையைப் பகிர்ந்தாலும் தீங்கில்லை.

நிரலைச் சோதிக்க விரும்பும் மாணவர் துண்டின் அளவை வேண்டுமென்றே 20 பைட்டாகக் குறைத்து, 'குமிழி' பலமுறை வரும் ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்க்கட்டும். கையால் எண்ணிய எண்ணும் நிரல் தந்த எண்ணும் ஒத்து வந்தால், கோப்பு முழுவதையும் அதனிடம் ஒப்படைக்கலாம்.