ஆலையை வாங்காமல் அறையை எடுக்கிறார்கள்

மார்ச் 31 நெருங்குகிறது. பட்டாசு ஆலைகளின் வெடிபொருள் உரிமம் காலாவதியாகும் தேதி அது. சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் பக்கம் இது புதுப்பிப்புக்காக அலையும் நேரம். வாசகர் கடிதங்களிலும் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. “பக்கத்து ஆலையைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்கிறார்கள், போர்டில் பழைய பெயர்தான் இருக்கிறது. வாங்கினார்களா, குத்தகையா, சரக்கு மட்டும் எடுக்கிறார்களா?” நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தனக்குச் சரக்கு கொடுப்பவரையே ஒரு நிறுவனம் விலைக்கு வாங்குவது பொதுவாக மூன்று நிலைமைகளில்: அந்தச் சரக்கு வேறு எங்கும் கிடைக்காதபோது, கொடுப்பவர் கழுத்தைப் பிடித்து விலை கேட்கும்போது, தரம் நம் கையில் இல்லாதபோது. கார் உடற்பாகம் செய்து கொடுத்த ஃபிஷர் பாடி நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1926-இல் முழுவதுமாக வாங்கியது உலகமெங்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. சிவகாசியும், தேவையானதைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் இந்த வழியில் நடந்த ஊர்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, அச்சகம் வந்தது. பட்டாசுக்கு அலுமினியப் பவுடர் தேவைப்பட்டது, திருமங்கலத்தில் மெப்கோ ஆலை அதைச் செய்தது. 1984-இல் சிவகாசியில் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி அந்த ஆலையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அப்படியானால் வெடிமருந்து செலுத்தும் சின்ன ஆலைகளை மட்டும் ஏன் யாரும் அவ்வளவாக வாங்குவதில்லை? ஒரு காரணம் பழையது. 2015 ஏப்ரல் வரை பட்டாசு, சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள். ஒரே ஆலையைப் பெரிதாக்க வழியில்லாததால், உரிமங்களின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் வளர முடிந்தது. ஒதுக்கீட்டை எடுத்தால் பெரிய முதலீடும் புதிய தொழில்நுட்பமும் வரும் என்று மத்திய அரசு சொன்னது. ஆனால் இங்கே இன்றும் மருந்து செலுத்துவது பெரும்பாலும் கையால்தான். வரியும் ஒரு காரணம். கட்டிய வரியைக் கழிக்க முடியாத பழைய விற்பனை வரிக் காலத்தில் சரக்கு கை மாறும்போது வரிமேல் வரி ஏறக்கூடும், எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்துக்கொள்வது லாபமாக இருந்தது. ஜிஎஸ்டியில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். வெளியே வாங்குவதால் நஷ்டமில்லை.

ஆனால் என்னை உறுத்துவது உள்குத்தகைதான், அதாவது உரிமக்காரர் தன் ஆலையின் அறைகளை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடுவது. அதிகாரிகளின் அறிக்கைகளில் அது ஒரு ‘விதிமீறல்’, எங்கோ ஒருவர் செய்த தப்பு. ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு அது தொழில் நடக்கும் முறைகளில் ஒன்று.

வெடிபொருள் உரிமம் ஒரு ஆளோடும் ஒரு வரைபடத்தோடும் கட்டப்பட்டது. ஆலையை வாங்கினால் உரிமம் உங்கள் பெயருக்கு வர வேண்டும். தொழிலாளியின் இஎஸ்ஐ, பிஎஃப், விபத்து இழப்பீடு, வழக்கு எல்லாம் பின்னாலேயே வரும். அறையை மட்டும் எடுத்தால் இவற்றில் ஒன்றும் வராது. உரிமக்காரர் அறை அறையாக ஆட்களுக்கு விடுகிறார். ஒரு அறையில் ஃபேன்சி ரகம், அடுத்த அறையில் மணிமருந்து, அதற்கடுத்து திரி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் தனி முதலாளி, தனி ஆட்கள், தனி ரசாயனம். காகிதத்தில் ஒரே போர்மேன். பக்கத்து அறையில் என்ன கலவை நடக்கிறதென்று அவருக்கே தெரியாது. நாலு பேர் உட்கார வேண்டிய அறை அது. எடுத்தவர் ஒரே சீசனுக்குள் வாடகையை மீட்டாக வேண்டும். கூட ஆள் போடுகிறார், அறை நிரம்பியதும் வேலை மரத்தடிக்கு வருகிறது. செய்த சரக்கு உரிமக்காரர் பெயரில் பில்லாகி வெளியேறுகிறது. வாங்கும் வியாபாரிக்கோ நிறுவனத்துக்கோ உற்பத்தி கூடுகிறது, சொத்தும் பொறுப்பும் கூடுவதில்லை.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆலையில் இதுதான் நடந்தது. உரிமம் ஒருவர் பெயரில், உள்ளே அறைகளை எடுத்து நடத்தியவர்கள் பலர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘உரிமம் ரத்து, கடும் நடவடிக்கை’ என்று அறிவிப்பு வருகிறது. யாருடைய ஆர்டருக்காக அந்த அறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வரி அதில் நான் பார்த்ததில்லை. அந்த வரி எழுதப்படாதவரை, அறை எடுப்பதுதான் ஆலை வாங்குவதைவிட மலிவு. ரத்தான உரிமத்துக்குப் பதில் வேறொரு உரிமத்தில் அறை கிடைக்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சரக்கு மட்டும் எடுப்பது தப்பா? உரிமமுள்ள ஆலையில், உரிமக்காரரே செய்ததை, பில்லோடு வாங்கினால் தப்பில்லை.

உரிமத்தை விற்கலாமா? ஆலையை விற்கலாம், உரிமம் அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கை மாறாது.

பெரிய நிறுவனம் வாங்கினால் விபத்து குறையுமா? தானாகக் குறையாது, ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது.

பேரியம் தடைக்கும் இதற்கும் தொடர்புண்டா? பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்த 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் தன் ரகத்தை இழந்த உரிமக்காரருக்கு, செய்து விற்பதைவிட வாடகை சுலபம்.

நான் வேலைக்குப் போகிற ஆலை குத்தகையில் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சனிக்கிழமை கூலி கொடுப்பவர் பெயரும் போர்டில் இருக்கும் உரிமக்காரர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.