போட்டித் தளங்களின் தேடுசொல் ஆய்வு

நம் இணையதளம் பேசும் பொருளையே பேசும் பிற தளங்கள், எந்தெந்தச் சொற்களைத் தேடும்போது கூகுள் போன்ற தேடுபொறிகளில் முன்னே வருகின்றன என்று கண்டறிந்து, அதன்படி நம் தளத்தைச் செம்மைப்படுத்துவது போட்டித் தளங்களின் தேடுசொல் ஆய்வு எனப்படும். இது தேடுபொறி உகப்பாக்கத்தின் ஒரு பகுதி.

எடுத்துக்காட்டு

கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ள புளியஞ்சோலையைப் பற்றி ஒருவர் சுற்றுலா வழிகாட்டித் தளம் தொடங்குகிறார் என்று கொள்வோம். அவர் செய்ய வேண்டியவை:

1. 'புளியஞ்சோலை', 'புளியஞ்சோலை செல்லும் வழி' என்று தேடி, முதல் பக்கத்தில் வரும் தளங்களைக் குறித்துக்கொள்ளல். அவையே உண்மையான போட்டித் தளங்கள்.
2. அவற்றின் தலைப்பு, உட்தலைப்பு, முகவரி ஆகியவற்றில் உள்ள சொற்களைத் தொகுத்தல். கூகுளின் கீவேர்ட் பிளானரில் ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தும் தொடர்புடைய சொற்களைப் பெறலாம்.
3. தேடல் பெட்டியில் தட்டும்போது தோன்றும் பரிந்துரைகளைச் சேர்த்தல்.
4. ஒவ்வொரு சொல்லின் பின்னும் உள்ள கேள்வி எது, அதற்குப் பிற தளங்கள் சொல்லாமல் விட்டது எது என்று பட்டியலிடல். விடுபட்டதை எழுதுவதே ஆய்வின் பயன்.

எழுத்து வேறுபாடுகளையும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டும்போது லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால், புளி 'புலி' ஆகிவிடக்கூடும்.

சொல்லை மட்டும் எடுத்தால்

'கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகள்' என்ற சொல்லால் ஒரு போட்டித் தளம் முன்னே வரலாம். ஆனால் அந்த வளைவுகள் நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் உள்ளவை. புளியஞ்சோலையோ மலையின் வேறொரு பக்கம். அச்சொல்லை அப்படியே எடுத்து ஒட்டினால், நம்பி வருபவர் வழி தவறுவார். ஆகாய கங்கை அருவியின் நீர் ஐயாறாக இறங்கிப் புளியஞ்சோலைக்கு வருகிறது என்று விளக்கி, இரண்டு இடங்களையும் பிரித்துக் காட்டும் பக்கமே அவருக்கு உதவும்.

கருவிகளின் வரம்பு

செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கருவிகள் தரும் எண்ணிக்கைகள் மதிப்பீடுகளே. தமிழ்ச் சொல்லுக்குக் கருவி பூச்சியம் காட்டினால், தேடுபவரே இல்லை என்று பொருளல்ல. நம் தளத்துக்கு எந்தச் சொல்லால் ஆட்கள் வந்தனர் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் காட்டும். பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. ஒரே சொல்லைத் திணித்து எழுதுவது அதன் விதிகளுக்கு எதிரானது.

சட்டம்

பிறர் வணிகப் பெயரைத் தேடுசொல்லாக வைத்து விளம்பரம் செய்யலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதில் முக்கியமாகக் கருதப்பட்டது. வணிகக் குறியை விளம்பரத் தேடுசொல்லாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாது, மக்களைக் குழப்பினால் மீறலாகும் என்ற கருத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது.

இவ்வழக்குகள் கட்டண விளம்பரம் பற்றியவை. எனினும், வருபவரைக் குழப்பாதிருத்தல் என்ற அளவுகோல் சாதாரணத் தளத்துக்கும் பொருந்தும்.