மிதிவண்டிச் சங்கிலி கழலுதலும் சட்டகப் பாதுகாப்பும்

மிதிவண்டிச் சங்கிலி கழலுதல் என்பது, ஓட்டத்தின்போது சங்கிலி பல்சக்கரத்தின் பற்களிலிருந்து விலகிப் பக்கவாட்டில் விழுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது 'செயின் கழன்றுவிட்டது' எனப்படுகிறது. பெரும்பாலும் இது கையில் எண்ணெய்க் கறை படுவதோடு முடிந்துவிடும் சிறு தொல்லையே. ஆனால் கழன்ற சங்கிலி பல்சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே சிக்கிக்கொண்ட நிலையில் ஓட்டுநர் தொடர்ந்து மிதித்தால், சட்டகம் நிலையாகச் சேதமடையக்கூடும். கரிம இழையால் ஆன விலை உயர்ந்த சட்டகங்களில் இச்சேதம் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும்.

சேதம் ஏற்படும் விதம்

மிதிவண்டிச் சங்கிலியின் அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையேயான தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். முன்பல்சக்கரத்தின் பற்கள் இதே அளவில் அமைந்து சங்கிலியை இழுக்கின்றன. சங்கிலி உட்புறமாக விழும்போது, சிறிய முன்பல்சக்கரத்துக்கும் மிதி அச்சைத் தாங்கும் குழலுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில் தங்குகிறது. மிதி அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் செல்லும் கீழ்க்குழாயும் அதே இடத்தில்தான் இணைகிறது.

விழுந்த சங்கிலி தானாகச் சட்டகத்தை உடைப்பதில்லை. பெயிண்டில் ஒரு கீறலை மட்டுமே உண்டாக்கும். மிதி தொடர்ந்து சுழலும்போதுதான் பற்கள் சங்கிலியைப் பிடித்து அந்த இடைவெளிக்குள் திணிக்கின்றன. ஓட்டுநரின் உடல் எடை முழுவதும் கிராங்கின் நெம்புகோல் விசையாக மாறிச் சங்கிலியின் எஃகுத் தகடுகளைக் குழாயின் மீது அழுத்துகிறது.

இதன் விளைவு சட்டகத்தின் பொருளைப் பொறுத்து வேறுபடும். எஃகுச் சட்டகத்தில் பெயிண்ட் உரிந்து, அவ்விடத்தில் துருப் பிடிக்கும். அலுமினியத்தில் ஆழமான பள்ளம் விழும். அப்பள்ளத்தில் தகைவு குவிவதால் நாளடைவில் விரிசல் தோன்ற வாய்ப்புண்டு. கரிம இழைச் சட்டகத்தில் வலிமையைத் தரும் இழைகளே அறுபடுகின்றன. எனவே மேற்பூச்சைச் சரிசெய்வதால் அதன் வலிமை திரும்புவதில்லை.

காரணங்கள்

கியர் உள்ள மிதிவண்டிகளில் பெரிய முன்பல்சக்கரத்திலிருந்து சிறியதற்கு மாற்றும் தருணத்திலேயே சங்கிலி அதிகம் கழல்கிறது. முன் கியர் மாற்றியின் சுருள்வில் அதன் கூண்டை உட்புறமாக வேகமாக இழுக்கிறது. கூண்டு தேவைக்கு மேல் நகர்ந்தால், சங்கிலி சிறிய பல்சக்கரத்தையும் தாண்டி விழுகிறது. பிற காரணங்கள் வருமாறு:

- முன் கியர் மாற்றியின் எல்லைத் திருகு தளர்ந்திருத்தல்
- கியர் மாற்றி அதிக உயரத்தில் அல்லது கோணலாகப் பொருத்தப்பட்டிருத்தல்
- சங்கிலி நீளமாக இருத்தல் அல்லது தேய்ந்து நீண்டிருத்தல்
- பல்சக்கரம் கோணியிருத்தல், பற்கள் தேய்ந்திருத்தல்
- ஏற்றத்தில் மிதியை முழு விசையுடன் அழுத்தியபடியே கியர் மாற்றுதல்
- மேடுபள்ளமான சாலையில் சங்கிலி துள்ளுதல்

ஒரு புகழ்பெற்ற நிகழ்வு

நன்கு பராமரிக்கப்படும் பந்தய மிதிவண்டிகளிலும் சங்கிலி கழல்வதுண்டு. 2010ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 15ஆம் கட்டத்தில், மஞ்சள் சட்டை அணிந்து முன்னிலையில் இருந்த லக்சம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக், பைரனீசு மலையின் போர்ட் டி பாலேஸ் ஏற்றத்தில் வேகமெடுத்தபோது அவரது சங்கிலி கழன்றது. அவர் இறங்கி அதைச் சரிசெய்வதற்குள் ஸ்பெயின் வீரர் ஆல்பர்ட்டோ கொன்டடோர் முந்திச் சென்றார். அன்று ஷ்லெக் இழந்தது 39 விநாடிகள். பாரிசில் பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமும் அதே 39 விநாடிகள்தான். பின்னர் 2012இல் ஊக்கமருந்து வழக்கில் கொன்டடோரின் வெற்றி பறிக்கப்பட்டு, பட்டம் ஷ்லெக்கிற்கு வழங்கப்பட்டது.

தடுக்கும் முறைகள்

1. எல்லைத் திருகைச் சரிசெய்தல்

முன் கியர் மாற்றியில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். 'எல்' எனக் குறிக்கப்பட்டது கூண்டு உட்புறம் நகரும் எல்லையையும், 'எச்' எனக் குறிக்கப்பட்டது வெளிப்புறம் நகரும் எல்லையையும் தீர்மானிக்கும். சங்கிலியை முன்புறம் சிறிய பல்சக்கரத்திலும் பின்புறம் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் வைத்து, கூண்டின் உள்தகடு சங்கிலியைத் தொடாமல், அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியும் விடாமல் 'எல்' திருகைத் திருப்ப வேண்டும். கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் கியரை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கூண்டின் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு இணையாகவும், அதன் பற்களுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும்.

2. சங்கிலியின் தேய்மானத்தைச் சோதித்தல்

புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது இந்நீளம் 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

3. கியர் மாற்றும் பழக்கம்

ஏற்றம் தொடங்கும் முன்னரே கியரை மாற்றிவிட வேண்டும். மாற்றும் நொடியில் மிதியின் விசையைத் தளர்த்தி, நிறுத்தாமல் மெல்லச் சுழற்ற வேண்டும். பின்புறம் மிகப் பெரிய பல்சக்கரத்தில் சங்கிலி இருக்கும்போது அது ஏற்கெனவே உட்புறமாகச் சாய்ந்திருக்கும். அந்நிலையில் முன் கியரைக் குறைத்தால் கழலும் வாய்ப்பு அதிகம். பின்புறம் நடுவிலுள்ள பல்சக்கரத்துக்கு வந்தபின் முன் கியரை மாற்றுவது பாதுகாப்பானது.

4. சங்கிலித் தடுப்பான்

இது இருக்கைக் குழாயிலோ முன் கியர் மாற்றியின் திருகிலோ பொருத்தப்படும் விரல் போன்ற சிறு துண்டு. உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்யப்படுகிறது. உட்புறமாக விழ முற்படும் சங்கிலியை இது தடுத்துப் பல்சக்கரத்தின் பக்கம் தள்ளுகிறது. சங்கிலி மிக உட்புறமாக இருக்கும் நிலையில், அதற்கும் தடுப்பானுக்கும் இடையே ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் சங்கிலி அதையும் தாண்டி விழுந்து, மீட்பதற்குக் கடினமாகச் சிக்கிக்கொள்ளும். கரிம இழைக் குழாயில் பட்டையை அளவுக்கு மேல் இறுக்கினால் குழாயே விரிசல் விடலாம். தடுப்பான் வெளிப்புறமாக விழும் சங்கிலியைத் தடுக்காது. கியர் மாற்றியைச் சரிசெய்வதற்கு அது மாற்றும் ஆகாது.

5. ஒற்றை முன்பல்சக்கர அமைப்பு

2012இல் ஸ்ராம் நிறுவனம் மலைப்பாதை மிதிவண்டிகளுக்காக அறிமுகப்படுத்திய எக்ஸ்எக்ஸ்1 அமைப்பில் முன் கியர் மாற்றியே இல்லை. அதன் பற்கள் அகலமும் குறுகலுமாக மாறி மாறி அமைந்து, சங்கிலியின் வெளிக்கண்ணியையும் உள்கண்ணியையும் இறுகப் பற்றுகின்றன. பின் கியர் மாற்றியிலுள்ள கிளட்ச் சங்கிலி துள்ளுவதைக் குறைக்கிறது.

கியர் இல்லாத மிதிவண்டிகள்

தமிழ்நாட்டில் அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள் உட்பட, நாள்தோறும் பயன்படும் பல மிதிவண்டிகளுக்குக் கியர் கிடையாது. இவற்றில் சங்கிலி கழல முதன்மைக் காரணம் தொய்வு. சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குல அளவே ஆட வேண்டும். அதிகம் ஆடினால் பின்சக்கர அச்சின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்து, அது சட்டகத்தின் நடுவில் நேராக இருக்கிறதா எனப் பார்த்து இறுக்க வேண்டும். மிதியைச் சுழற்றிப் பல இடங்களில் சோதித்து, சங்கிலி மிக இறுக்கமாக இருக்கும் இடத்தை அளவாகக் கொள்ள வேண்டும்.

சட்டகத்துக்குக் காப்பு

பின் கீழ்க்குழாயின் மேல் ரப்பர் உறை அல்லது தடித்த ஒட்டுப்பட்டை இடலாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டுவது செலவில்லாத வழி. முன்பல்சக்கரத்தை ஒட்டிய பகுதியில் மெல்லிய உலோகத் தகட்டை ஒட்டுவது கூடுதல் காப்பைத் தரும்.

சங்கிலி கழன்றால் செய்ய வேண்டியவை

மிதியில் திடீர்த் தடையோ உரசும் ஓசையோ உணரப்பட்டால், உடனே மிதிப்பதை நிறுத்தி வண்டியை ஓரங்கட்ட வேண்டும். கியர் உள்ள வண்டியில் பின் கியர் மாற்றியின் கூண்டை முன்னோக்கித் தள்ளினால் சங்கிலி தளரும். அதைப் பல்சக்கரத்தின் மேற்பற்களில் மாட்டி, பின்சக்கரத்தைத் தூக்கியபடி மிதியைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுழற்றினால் சங்கிலி ஏறிவிடும்.

சங்கிலி இறுகச் சிக்கியிருந்தால் அதை வலிந்து இழுக்கக் கூடாது. இணைப்புக் கண்ணியைக் கழற்றிச் சங்கிலியைப் பிரிப்பதோ, முன்பல்சக்கரத்தின் திருகுகளைத் தளர்த்துவதோ நல்லது. பின்னர் அவ்விடத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கரிம இழைச் சட்டகத்தில் இழைகள் வெளியே தெரிந்தாலோ, அழுத்தும்போது நெகிழ்ந்தாலோ, தேர்ந்த பழுதுநீக்குநர் பார்க்கும் வரை அவ்வண்டியை ஓட்டக் கூடாது.